எது கூறப்பட்டிருப்பினும்

திருப்பூர் இராயபுரத்தின் குறுந்தெருக்களில் பின்னலாடைப் பட்டறை வைத்துப் பிழைப்பவன், துணியை விரலிடையே பிடித்த அளவில் அதன் கனத்தைச் சொல்லிவிடுவான். தைத்த விளிம்பில் ஓர் இழை பிசகினும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அத்துணைக் கூர்மை படைத்தவன், தன் வீட்டுப் பேழையிலுள்ள கடன் ஆவணத்தை எடுத்து விரித்தால் ஊமையாகிறான். ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்கத்திற்குப் பக்கம் அவன் இட்ட கையெழுத்து மட்டுமே தமிழில் இருக்கிறது. எதற்கு இசைகிறோம் என்பதை அறியாமலேயே அவன் இசைந்திருக்கிறான்.

அத்தகைய ஆவணங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் சொல் ஒன்று உண்டு. 'நாட்வித்சுடாண்டிங்' என்பது அது. ஆங்கிலேயரும் அன்றாடப் பேச்சில் அதனைப் பெரிதும் வழங்குவதில்லை. சட்டமும் உடன்படிக்கையுமே அதன் குடியிருப்பு. கல்லூரி வரை ஆங்கிலம் பயின்றவர்களும் அதனை 'ஆனால்' என்பதுபோல் எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அது பெரும்பிழை. 'ஆனால்' என்பது இரு கருத்துகளை எதிரெதிரே நிறுத்துவதோடு ஓய்ந்துவிடும். இச்சொல்லோ, எதிரெதிரே நிற்கும் இரண்டில் எது வெல்லும் என்று தீர்ப்பே சொல்லிவிடும்.

'எதிர்த்து நில்லாமல்' என்பது இதன் நேர்ப்பொருள். 'தடையாக நில்லாமல்' என்னும் பொருளுடைய இலத்தீனச் சட்டத் தொடரின் வழிவந்தது இது. முன்னே நூறு விதிகள் எழுதப்பட்டிருக்கலாம். இச்சொல்லைத் தாங்கி நூற்றோராம் விதி வந்ததும், அதற்கு மாறான அனைத்தும் ஒதுங்கி வழிவிட வேண்டும். 'உட்பட்டு' என்பது இதற்கு நேர்மாறான சொல். 'உட்பட்டு' என்று தொடங்கும் விதி பிற விதிக்குப் பணியும்; இது பிற விதியைப் பணியவைக்கும்.

இதன் வலிமையை மன்னர்கள் நன்கறிந்திருந்தனர். அந்த இலத்தீனத் தொடரைத் தம் ஆணைகளிற் சேர்த்தே, நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களிலிருந்து வேண்டியவர்க்கு விலக்களித்தனர் இங்கிலாந்து வேந்தர். 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அவ்வழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு நாட்டு மக்கள் போராடி மன்னன் கையிலிருந்து பறித்த சொல் இது. இதனைப் பொருள் விளங்காமல் ஏற்பது எத்துணை அறியாமை!

இராயபுரத்துப் பட்டறைக்காரனை இச்சொல் எவ்வழியில் வந்து தொடுகிறது? 'சர்பேசி' என்று வங்கித் துறையினர் குறிக்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இச்சொல்லோடுதான் தொடங்குகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவுகளில் எது கூறப்பட்டிருப்பினும், ஈடு வைத்த சொத்தின்மீது கடன் கொடுத்தவர் முறைமன்றத்தின் தலையீடின்றியே உரிமையைச் செயற்படுத்தலாம் என்கிறது அது. கடன் வாராக்கடன் என்று வகைப்படுத்தப்பட்டபின் 60 நாள் கெடுவுடன் அறிவிப்பு வரும். அதற்குள் செலுத்தாவிடின் வீடோ பட்டறையோ கைப்பற்றப்படலாம். அவ்வறிவிப்பும் ஆங்கிலத்திலேயே வருமாயின், 60 நாளில் எத்தனை நாள் அதைப் படித்துச் சொல்பவரைத் தேடுவதிற் கழியும்!

இச்சொல்லுக்குத் தமிழில் நிகரில்லையோ என்று ஐயுறுவார் இலக்கணத்தை மறந்தவர். தொல்காப்பிய இடையியல் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்துள்ளது. ஆங்கிலம் நீண்ட சொல்லொன்றால் செய்வதைத் தமிழ் ஈற்றில் நிற்கும் ஓர் உம்மையால் செய்துவிடும். 'எது கூறப்பட்டிருப்பினும்' என்னும் தொடரை நோக்குக. 'எது' என்னும் வினாவோடு கூடிய உம்மை, கூறப்பட்ட எதனையும் விடாது வளைத்துக்கொள்கிறது. வளைத்த அவ்வளவையும் பின்வரும் விதிக்குத் தடையாகாதவாறு ஒதுக்கியும் வைக்கிறது. வளைப்பதும் ஒதுக்குவதுமாகிய இருவினையும் ஓரசையில் முடிகின்றன. ஊழ் உதவாது போயினும் முயற்சி கூலி தரும் என்று ஆள்வினையுடைமையில் வள்ளுவர் நிறுவியதும் 'எனினும்' என்னும் உம்மையைக் கொண்டே. சட்டத்தமிழ் வளரவில்லை என்பார் இதற்கு விடை கூறட்டும்.

கடன் ஆவணத்தில் தமிழனுக்கு நேர்ந்ததே அரசமைப்பில் தமிழுக்கும் நேர்ந்தது. அரசமைப்பின் 343-ஆம் உறுப்பின் முதற்கூறு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது. முதற்கூறில் எது கூறப்பட்டிருப்பினும் ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்றது இரண்டாம் கூறு. அப்பதினைந்தாண்டு முடியும் வேளையில்தான் 1964 சனவரி 25-இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்தார். மறு ஆண்டில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வழியே சென்றனர். அப்போராட்டத்தில் திருப்பூரும் குருதி கண்டது. இந்தியை ஏற்காத மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் இசையும் வரை ஆங்கிலம் தொடரும் என்னும் உறுதி, 1967-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்றது.

ஈகியர் பெற்றுத் தந்த அவ்வுறுதி சிறிதன்று. ஆயினும், ஒன்றை மறைத்தலாகாது. முதன்மைத் தொடரில் இந்தி வீற்றிருக்கிறது. விலக்குத் தொடரில் ஆங்கிலம் குடியிருக்கிறது. தமிழ் இரண்டிலும் இல்லை.

தமிழுக்குக் கதவு திறக்கக்கூடிய ஓர் 'இருப்பினும்' 348-ஆம் உறுப்பில் உள்ளது. உயர்முறைமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் என்று விதிக்கப்பட்டிருப்பினும், குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு ஆளுநர் மாநில மொழிக்கு இடமளிக்கலாம். இவ்வழியில் இராசசுத்தானத்தில் 1950-இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969-இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971-இலும், பீகாரில் 1972-இலும் இந்தி உயர்முறைமன்றம் புகுந்தது. தமிழுக்காகத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. உச்சமுறைமன்ற நடுவர்கள் 2012-இல் அதை ஏற்க மறுத்தனர். ஒரே விதி, ஒரே சொல். இந்திக்குத் திறந்தது தமிழுக்கு மூடியது.

இச்சொல்லைத் தன் மொழிக்கு அரணாக்கிக்கொண்ட இனமும் உலகில் உண்டு. கனடாவின் 1982-ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தின் 33-ஆம் பிரிவு இச்சொல்லாலேயே பெயர்பெற்றது. கடைப் பலகைகள் பிரெஞ்சில் மட்டுமே இருக்கவேண்டும் என்னும் கியூபெக்கின் விதியை 1988 திசம்பரில் அந்நாட்டு உச்சமுறைமன்றம் செல்லாததாக்கியது. அத்திங்களிலேயே கியூபெக்குச் சட்டமன்றம் 33-ஆம் பிரிவைக் கையிலெடுத்து, வெளிப்பலகைகளிற் பிரெஞ்சை நிலைநாட்டியது. சொல் யார் கையில் இருக்கிறதோ, வெற்றியும் அவர் பக்கம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆதலின் செய்ய வேண்டுவது தெளிவு. பொருள் விளங்காத தாளில் கையெழுத்திடுவதைத் தமிழர் நிறுத்தவேண்டும். வங்கியல்லா நிதி நிறுவனங்கள் கடன் பெறுவோர்க்கு வட்டார மொழியிலோ அவர்க்கு விளங்கும் மொழியிலோ செய்தி தரவேண்டும் என்று சேம வங்கியின் நெறிமுறையே கூறுகிறது. அதனைக் கேட்டுப் பெறுவது இரத்தல் ஆகாது, உரிமை. தொழிற்சங்கங்களும் பட்டறை உரிமையாளர் சங்கங்களும் ஒன்றுகூடி, வங்கி ஆவணம், வேலை உடன்படிக்கை, காப்புறுதித் தாள் ஆகிய அனைத்திற்கும் தமிழ்ப்படி கேட்கவேண்டும்.

வெறும் தமிழ்ப்படியும் போதாது. பெயருக்கு ஒரு படியைக் கொடுத்துவிட்டு, வழக்கு வரும்போது ஆங்கிலப்படியே செல்லும் என்று கைவிரிப்பர். எனவே ஒவ்வோர் ஆவணத்தின் இறுதியிலும் இவ்வொரு வரி இடம்பெற வேண்டும்: 'ஆங்கிலப் படியில் எது கூறப்பட்டிருப்பினும், தமிழ்ப் படியே செல்லும்.'