‘ஆடு பாம்பே’ எந்த ஆல்பம்?

ராக் பாட்டையும் அது முதலில் வந்த ஆல்பத்தையும் பொருத்தச் சொல்லும் வினாடி வினாவில், ‘ஆடு பாம்பே’க்கு நேரே ‘அவியல், 2008’ என்று எழுதினால் முழு மதிப்பெண். இவ்விடை திருவனந்தபுரத்திலும் செல்லுபடியாவது வெட்கக்கேடு. அவியல் குழு 2003இல் உருவான நகரம் இது. அப்பாட்டின் சொற்கள் நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டு’. அவர் பிறந்த செம்பழந்தியும் இங்கேதான் இருக்கிறது.

எதிர்த்தரப்பு இன்னும் மோசம். பாம்பாட்டிச் சித்தரை மலையாளிகள் களவாடினர் என்று முழங்கும் தமிழார்வலர்கள், குரு தமிழ் கற்றவர், தமிழிலும் பாடியவர் என்பதை மறந்துவிடுகின்றனர். சித்தரின் விளியை அவர் வெளிப்படையாகவே எடுத்தாண்டார். விளி ஒன்றானால் பனுவலும் ஒன்றாகிவிடுமா? (யாப்பை ஒரு பருவம் படித்தவர்கூட இப்படிக் குழம்பமாட்டார்.)

ஏரோஸ்மித் 1975இல் வெளியிட்ட ‘வாக் திஸ் வே’யை ரன்-டி.எம்.சி. 1986இல் ஹிப்-ஹாப்பாக்கியபோது, பழைய ஆல்பத்தின் பெயரை எவரும் அழிக்கவில்லை. இங்கு மட்டும் ஒரே கட்டம் ஏன்? ஒலிப்பதிவுக்கு அவியல், சொல்லுக்குக் குரு, விளிக்குச் சித்தர் என மூன்று கட்டங்கள் வேண்டும். தாளில் இடமில்லையெனில் அவ்வினாவையே நீக்கிவிடலாம்.