வெனீருக்கு முன் ஈறைப் பாருங்கள்

பல் விளக்கும்போது துப்பிய நுரையில் ரத்தம் தெரிந்தால், "பிரஷ் கொஞ்சம் கடினம்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் எஸ்.பி.எம். முடிந்த கையோடு, வெனீர் ஒட்ட எத்தனை வெள்ளி ஆகும் என்று கைப்பேசியில் தேடுகிறோம்.

அழகை விரும்புவதில் தவறில்லை. பல் எடுப்பாக இருப்பதால் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் மாணவி எல்லா வகுப்பிலும் இருக்கிறாள். அவளைக் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். அவளைப் போன்றவர்களைத்தான் மலிவு விலைப் போலி பிரேசஸ், வெனீர் விளம்பரங்கள் குறி வைக்கின்றன.

2017இல் மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பிரேசஸ் மாட்டிய 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. மக்கள் இரக்கப்பட்டு நன்கொடை திரட்டினார்கள். அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்களின் பற்கள் என்ன ஆயின என்று கேட்டவர்கள் குறைவு. பதிவு பெறாத மருந்தகம் நடத்துவோருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இருந்தும் கடை மூடவில்லை.

உண்மையான பல் மருத்துவர் வெனீரைத் தொடுமுன் ஈறைத்தான் பார்ப்பார். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெல்லிய கருவியை விட்டு ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால், அழகு வேலை காத்திருக்க வேண்டியதுதான். போலிக்காரரோ பற்காரையின் மேலேயே பசையைப் பூசி, பக்கத்துப் பற்களையும் சேர்த்து ஒட்டிவிடுவார். இடையில் நூல்கூட நுழையாது. உணவுத் துணுக்கு தங்கி, கிருமி பெருகி, ஈறு வீங்கும். ஈறு மட்டும் வீங்கிய நிலை என்றால் சுத்தம் செய்து குணப்படுத்தலாம். அடியிலுள்ள எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், போனது தானாக வளர்ந்து வராது. பெரும்பாலும் வலியும் இருக்காது என்பதுதான் கொடுமை. பல் ஆடும்போதுதான் தெரியும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துவதுண்டு. பல்லை ஆட வைப்பது அங்கே படிந்திருக்கும் பற்காரைதான். அதை எடுத்த பிறகு ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. 2010இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகை ஈறுப் பிரச்சினை இருந்தது. இதில் நம் வீட்டுப் பெரியவர்களும் அடக்கம்.

பினாங்கில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியிருப்பது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கு 1949இல் பயிற்சி தொடங்கியது இந்த ஊரில்தான். அந்த மரபில் வந்த பல் சிகிச்சைக் குழு இன்றும் பள்ளிக்கு வருகிறது. கட்டணமில்லை. நாமோ பெயர் கூப்பிட்டால் கழிப்பறைக்குள் ஒளிகிறோம்!

படிவம் 5 மாணவர்கள் பள்ளியை விட்டுப் போகுமுன் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து, ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியில் இருப்பவர்களுக்கு அரசாங்கப் பல் மருந்தகம் இருக்கிறது. தனியார் மருந்தகம் என்றால், சுவரில் அவ்வாண்டுக்கான தொழில் சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள். வெனீர் விலையைப் பிறகு கேட்கலாம். "என் ஈறின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், டாக்டர்?" என்று முதலில் கேளுங்கள்.