அழுகைக்கு டிக்கெட் வாங்குவார் உண்டா?

புதுக்கோட்டைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. பாட்டாலும் வாள் வீச்சாலும் தமிழகத்தை ஒரு காலத்தில் ஆட்டி வைத்த பி.யு.சின்னப்பா 1916-ல் பிறந்தது இந்த ஊரில்தான். 'காதல் மன்னன்' ஜெமினி கணேசன் 1920-ல் பிறந்ததும் இதே ஊரில்தான். 'உத்தமபுத்திரன்' (1940), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்பிரதாபன்' (1944) என்று சின்னப்பாவின் படங்கள் அடுத்தடுத்து வந்தபோது, 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்று சமஸ்தானத்து ஜனங்கள் மார்தட்டிக் கொள்ளாமலா இருந்திருப்பார்கள்?

அது கிரீடத்தின் காலம். அரண்மனை, அந்தப்புரம், கத்திச் சண்டை எல்லாம் திரையில் நிறைந்திருந்தன.

1948-ல் சமஸ்தானம் போயிற்று. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 2009-ல் இந்த மாவட்டத்து விராச்சிலையில் பிறந்த பாண்டிராஜ் என்ற இளைஞர் தமது முதல் படத்தை எடுத்தார். பெயர் 'பசங்க'. அதில் கிரீடம் இல்லை. பெரிய நட்சத்திரமும் இல்லை. தம் சொந்தச் சீமையின் பள்ளிக்கூடப் பையன்களையே நாயகர்களாக்கினார்.

சிரிக்கச் சிரிக்கப் போகும் அந்தக் கதைக்குள் ஒரு காயம் இருந்தது. அன்பு என்ற சிறுவனின் தாயும் தந்தையும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் அந்தச் சத்தம் பிள்ளையின் மனத்தில் எங்கே போய் விழுகிறது என்பதைப் படம் காட்டிற்று. 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம், சிறந்த வசனம், சிறந்த குழந்தை நடிப்பு ஆகிய பரிசுகள் அதற்குக் கிடைத்தன. கொட்டகையிலும் ஜனங்கள் வரவேற்றார்கள்.

ஆனால் எல்லாச் சிறிய படங்களுக்கும் இந்த யோகம் வாய்க்கிறதா?

கையில் காசு குறைவு. நட்சத்திரம் கிடையாது. கதாநாயகனோ குடியால் கெட்டவன், மனம் உடைந்தவன், அல்லது ஊர் ஒதுக்கி வைத்தவன். இப்படி ஒரு படத்தை ஒருவர் எடுத்தால், "வீட்டில் இருக்கும் கவலை போதாதா? காசு கொடுத்து வேறு அழ வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆகவே இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கிழிந்த ரூபாய் நோட்டு

அண்மைக் காலத்தில் இத்தகைய படங்களில் உலகப் புகழ் பெற்றது 'கூழாங்கல்'. எடுத்தவர் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துப் பி.எஸ்.வினோத்ராஜ். சினிமாக் கல்லூரி எதிலும் படித்தவரல்லர். சென்னையில் டி.வி.டி. கடையில் வேலை பார்த்தபோது அங்கிருந்த உலகப் படங்களையே பாடமாகக் கொண்டவர். 2021-ல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அவருடைய முதல் படமே தலைமைப் பரிசான 'புலி' விருதைப் பெற்றது. அதே ஆண்டில் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுதான்.

கதையைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். கணபதி என்ற குடிகாரன், கோபித்துக்கொண்டு தாய் வீடு போன மனைவியைத் திரும்ப அழைத்துவரக் கிளம்புகிறான். பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகன் வேலுவையும் இழுத்துக்கொண்டு போகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பும்போது பையன் பஸ்ஸுக்கு வைத்திருந்த ரூபாய் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். உச்சி வெயிலில் தகப்பனும் மகனும் பொட்டலில் நடக்கிறார்கள். படமே அந்த நடைதான்.

பையன் ஏன் நோட்டைக் கிழித்தான்? படம் விளக்கம் சொல்லவில்லை. குடிகாரத் தகப்பனைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை. கணபதியைப் படம் மன்னிக்கவில்லை. அவனுக்குச் சாபமும் கொடுக்கவில்லை. அந்த வெயிலையும் வறட்சியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. முடிவில், ஒரு குழியில் சிறுகச் சிறுக ஊறும் நீருக்காகப் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஆணின் கோபத்துக்கும் அந்தப் பெண்களின் பொறுமைக்கும் நடுவேதான் குடும்பம் நடக்கிறது என்பது சொல்லாமலே விளங்குகிறது.

குடியின் தீமை பற்றி நூறு மேடைப் பேச்சு செய்யாததை இந்தக் காட்சி செய்துவிடுகிறது. மனக்காயம்பட்ட மனிதர்களைப் பற்றிய படம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே முதல் பதில். நம் வீட்டில் நடப்பதை நாமே எட்ட நின்று பார்க்க அது இடம் கொடுக்கிறது.

சிக்கனம் எங்கே? செலவு எங்கே?

இத்தகைய படத்தில் செலவு எப்படிக் குறைகிறது? செட்டுப் போடுவதில்லை. டூயட்டுக்கு வெளிநாடு போவதில்லை. சூரிய வெளிச்சமே பெரும்பாலும் போதும். முன்பு பிலிம் சுருளை அடிக்கணக்கில் வாங்கிக் கழுவ வேண்டியிருந்தது. இன்று டிஜிட்டல் காமிராவில் அந்தக் கவலை இல்லை. நாடக மேடையில் பழகியவர்களையும் உள்ளூர்க்காரர்களையும் நடிக்க வைக்கிறார்கள்.

ஆனால் சிக்கனம் வேறு, சுரண்டல் வேறு. 'கலைப்படம்' என்று சொல்லிக் கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது கலைக்குச் செய்யும் சேவை ஆகாது. நடிக்கும் சிறுவனின் படிப்பும், வெயிலில் நிற்கும் கிழவியின் உடம்பும் கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வறுமையைக் கண்காட்சி வைத்தால் அயல்நாட்டு விழாவில் இடம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் எடுக்கப்படும் படங்களும் இல்லாமல் இல்லை. காமிராவை அசையாமல் வைத்துவிட்டால் அது கலையாகிவிடாது. கஷ்டப்படுகிறவன் தன்னைத் திரையில் பார்த்தால், 'ஆம், இது நான்தான்' என்று சொல்ல வேண்டும். 'என்னைக் கேலி செய்கிறார்கள்' என்று எழுந்து போகக்கூடாது. அதற்கு முதலில் அவன் அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டுமே! சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கொட்டகை வாசல்

'கூழாங்கல்' பரிசு பெற்றது 2021 பிப்ரவரியில். தமிழகத்து ஜனங்களுக்கு அது எட்டியது 2023 அக்டோபரில். அதுவும் கொட்டகையில் அல்ல, ஓ.டி.டி. தளத்தில். சந்தா கட்டியவர் பார்த்தார். வெயிலில் நடக்கும் கணபதிகளில் எத்தனை பேர் சந்தா கட்டியிருப்பார்கள்?

அதே வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் கொட்டகைக்கே வந்தது. தயாரித்தது நடிகர் சிவகார்த்திகேயனின் கம்பெனி, நடித்தவர் சூரி. பெயர் தெரிந்தவர்கள் தோள் கொடுத்ததால் வாசல் திறந்தது. அப்படியும், 'விழாக்களுக்கான படத்தைக் கொட்டகைக்கு ஏன் கொண்டுவர வேண்டும்?' என்று படவுலகிலேயே பேச்சு எழுந்தது.

இது புதிய கதையல்ல. ஜெயகாந்தன் தமது நாவலைத் தாமே 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக்கினார். சேரிச் சிறுவன் சிட்டியும் அவன் தாயும் அதன் பாத்திரங்கள். தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்தது. கொட்டகைகள் கிடைக்கவில்லை. சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வாசல் அதே அகலத்தில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. படம் எடுக்க ஒரு செலவு என்றால், 'படம் வந்திருக்கிறது' என்று ஊருக்குச் சொல்ல இன்னொரு செலவு. சுவரொட்டி, விளம்பரம், டிஜிட்டல் முறையில் திரையிடுவதற்கான கட்டணம் எல்லாம் உண்டு. பெரிய படம் வந்தால் சிறிய படத்துக்கு மிஞ்சுவது காலைக் காட்சி. உழைக்கிறவன் காலைக் காட்சிக்கு எப்படி வருவான்? மூன்றாம் நாள் பார்த்தால் படத்தையே எடுத்துவிட்டார்கள்!

கொட்டகைக்காரரையும் குறை சொல்லிப் பயனில்லை. மின்சாரக் கட்டணமும் சிப்பந்திகள் சம்பளமும் அவர் தலையில் இருக்கின்றன. தரமான சிறு படங்களுக்கு மானியம் தரும் திட்டம் தமிழக அரசிடம் பல ஆண்டுகளாக உண்டு. ஆனால் மானியம் எடுத்தவருக்கு உதவுமே தவிர, பார்க்க வேண்டியவரிடம் படத்தைக் கொண்டு சேர்க்காது.

அண்டை வீட்டுப் பாடம்

கேரளத்தைப் பாருங்கள். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், பின்னர் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற குழுவைக் கண்டார். ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டி, 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனின் சாவுச் செய்தியை அவன் தாயிடம் சொல்லப் புறப்படும் நண்பர்களின் கதை அது. பணம் கொடுத்த ஊர்களுக்கே படத்தைத் திரும்ப எடுத்துச் சென்று காட்டினார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சொந்தக் கொட்டகைகள் நடத்துகிறது. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று அரசே ஒரு ஓ.டி.டி. தளத்தையும் தொடங்கிற்று.

புதுக்கோட்டையால் முடியாதா?

'அது கேரளம், இங்கே நடக்குமா?' என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையின் சரித்திரத்தையே நினைவூட்டலாம்.

1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறியாத ஜனங்களைத் தேடித் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். தெருமுனையில் பாட்டும் நாடகமும் நடத்தினார்கள். பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்து முதலில் சிரித்த ஊர், பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டது.

அன்று நாடகம் போன வழியில் இன்று படம் போக முடியாதா? ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளை வேட்டி, ஒலிபெருக்கி இவ்வளவுதான் தேவை. பள்ளிக்கூட மைதானமும் நூலகக் கட்டிடமும் சமுதாயக் கூடமும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, தணிக்கைச் சான்று பெற்ற நல்ல படம் ஒன்று. உரிமைக்காரருக்கு ஒரு நியாயமான தொகையைப் பஞ்சாயத்தோ வாசகர் வட்டமோ கொடுக்கட்டும். நூறு ஊர் சேர்ந்தால், சிறு தயாரிப்பாளருக்கு அது கையில் நிற்கும் வருமானம். படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த பரம்பரைக்கு இது என்ன பெரிய காரியமா?

அப்படி ஓர் இரவில், தகப்பனும் மகனும் வெயிலில் நடப்பதைக் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு தகப்பன் பார்க்கக்கூடும். பக்கத்தில் அவன் மகன் உட்கார்ந்திருக்கக்கூடும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசினால் போதும். படம் எடுத்தவருக்கு ராட்டர்டாம் புலியைவிட அது பெரிய பரிசு.

அழுகைக்கு டிக்கெட் வாங்குவார் உண்டா என்று கேட்டோம். உண்டு. 'பசங்க' படத்துக்கு வாங்கினார்களே! சிறிய படங்களுக்குத்தான் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. அதைத் திறக்கிற முதல் மாவட்டம் புதுக்கோட்டையாக இருக்கட்டுமே!