முதிரையை அவசரப்பட்டு விற்கலாமா?

இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழித்துக் காணிக்குத் திரும்பும் நம்மில் பலருக்கு வீடு எஞ்சியிருப்பதில்லை. வேலிக்கரையில் ஒரு முதிரை மாத்திரம் எஞ்சியிருக்கும். பற்றைகளை வெட்டி முடிக்குமுன்னே மர வியாபாரி படலையடியில் வந்து நிற்பார். நமக்கும் கைக்காசு தேவை. ஆயினும், விற்குமுன் எதை விற்கிறோம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

நன்கு உலர்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 40 இறாத்தல் நிறுக்கும். முதிரையோ 60 இறாத்தலளவு வரும். மாடி வீடுகளின் பலகைத் தளத்திற்கு இதனை விரும்புவது இதனாலேயே. நடமாட்டத்தால் எளிதில் தேயாது. மெருகிட்டால் பொன்னிறமாய் மின்னும். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீள ஒரே வளைவாக முதிரைப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1905 வரை அது பயன்பட்டது.

குறைகளும் உண்டு. ஆணி இலகுவில் இறங்காது. துளையிட்டே அடிக்க வேண்டும். அரியும் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். எல்லாவற்றிலும் பெரிய குறை, பச்சைப் பலகை உலரும்போது முறுகுவதும் வெடிப்பதுமாகும். பச்சையாகப் பதித்த தளம் ஒரு கோடையிலேயே இடைவெளி விடும். பழி மரத்தின்மேல் விழும், பிழையோ அவசரப்பட்டவர்களுடையது.

நமது கருத்து இதுதான். நம் வீட்டுத் தரைக்குச் சீமெந்து போதும். முதிரையை நிலைக்கும் கதவுக்கும் வைப்போம். மிஞ்சுவதை விற்பதானாலும் நின்ற மரமாக விற்காமல், காய்ந்த பலகையாக விற்போம். வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை நம் பெயரிலேயே பெறுவோம். அது நம் கையில் இல்லையென்றால், அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள். மரத்தில் செல் துண்டு பாய்ந்திருக்கலாமென்றால் ஆலைக்காரரிடம் முன்கூட்டியே சொல்வோம். வாள் உடைந்தால் ஆளுக்கும் ஆபத்து. அரிந்த பலகைகளை நிலத்தில் படாமல், இடையிடையே சட்டம் வைத்து, நிழலில் அடுக்குவோம். முனைகளுக்குப் பெயின்ற் பூசினால் வெடிப்புக் குறையும். ஓர் அங்குலப் பலகை காய ஓராண்டளவு பிடிக்கும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், விலை பேசும் பலமும் கூடும்.

முதிரை மெல்ல வளரும் மரம். ஒன்றை வெட்டினால் இரண்டு கன்றாவது நடுவோம். அவை நம் பேரப்பிள்ளைகளுக்கு உதவும். நாம் இல்லாத காலமெல்லாம் காணியில் நின்ற மரம் அது. அதற்காக ஓராண்டு பொறுத்திருக்க நம்மால் முடியாதா?