மேஜைமேல் கால், கையில் தேநீர்

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சந்தில் எங்கள் குடித்தனம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வயது 82. சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுக் கூடத்தில் டீக் கோப்பையும் கையுமாகச் சாய்ந்துகொண்டு, அசதியில் எதிரேயிருந்த முக்காலிமேல் காலைத் தூக்கிப் போட்டேனோ இல்லையோ, "என்ன தம்பி, சங்கர்லால் ஆகிவிட்டாயா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டி ஐயா, அவர்!

சங்கர்லாலைத் தெரியாத இளம் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தேவகோட்டையில் 1926-ல் பிறந்த தமிழ்வாணன், 'கல்கண்டு' ஆசிரியராக இருந்து படைத்த துப்பறிவாளர் அவர். சிக்கல் முற்றிவிட்டால் இரண்டு கால்களையும் தூக்கி மேஜைமேல் வைப்பார், தேநீர் வரும், குடித்து முடிப்பதற்குள் மூளை வேலை செய்துவிடும். அவருக்கு முன்னும் நம்மிடம் துப்பறிவாளர்கள் உண்டு. ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூராரின் திகம்பர சாமியார் என்று தாத்தாக்கள் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. தேவனின் சாம்புவோ அதிர்ஷ்டத்தால் துப்பறிந்தவர். ஆனால் தொடர்கதையாய் வந்து, பெர்லின், பாரிஸ், நியூயார்க் என்று ஊர் ஊராகச் சுற்றி, பையன்களைத் தெருவில் நிற்க வைத்துப் படிக்கச் செய்தவர் சங்கர்லால்தான்.

இங்கிலாந்தில் இயான் பிளெமிங் 1953-ல் ஜேம்ஸ் பாண்டைக் களத்தில் இறக்கினார். அந்தத் துரைக்கு மது வேண்டும், சிகரெட் வேண்டும், சீட்டாட்ட மேஜை வேண்டும். நம்மவருக்குத் தேநீர் போதும்! மதுக்கடைக்குப் பேர்போன எங்கள் ஊரில் அவருக்கு இத்தனை அபிமானிகள் இருந்ததை என்னவென்று சொல்ல!

உள்ளதைச் சொல்லவேண்டும். இப்போது எடுத்துப் படித்தால், துப்பறியும் வேலை கொஞ்சம். ஓட்டமும் துரத்தலுமே அதிகம். பெர்லின் போக்கிரிகூடச் சுத்தத் தமிழ் பேசுவான். கல்லூரியில் படித்தபோது நான் இதையெல்லாம் கேலி செய்தவன்தான். பாட்டியிடம் அந்தக் கேலியை அவிழ்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தமிழ் எப்படி வந்தது, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

1950-களில் அவர் சிறுமி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா'. பள்ளியில் எல்லாம் பிரெஞ்சு. தமிழ் எழுத்துக் கூட்டக்கூடத் தடுமாற்றம். அண்ணன் கல்கண்டு வாங்கி வந்து உரக்கப் படிப்பானாம். சங்கர்லாலை எவனாவது இருட்டறையில் தள்ளிப் பூட்டும் கட்டம் வந்தால் போதும். பத்திரிகையை மூடிவிட்டு, "மீதி நாளைக்கு" என்று விளையாடப் போய்விடுவானாம். தங்கை எத்தனை நாள் பொறுப்பாள்? பத்திரிகையைத் திருடிக்கொண்டு மாடிப்படிக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டியிருக்கிறாள். சின்னச் சின்ன வாக்கியங்கள், வாயில் நுழையும் சொற்கள். ஒரு பள்ளிக்கூடம் செய்யாததை, பூட்டிய கதவு செய்துவிட்டது.

பிறகு 1962 வந்தது. ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலாக, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அண்ணன் எழுதிக் கொடுத்தார், பாரிஸ் போய்விட்டார். தங்கை நெல்லித்தோப்பிலேயே தங்கிவிட்டாள். நாற்பது வருஷம் கடிதப் போக்குவரத்து, அத்தனையும் தமிழில்!

"உங்கள் இருவருக்குமே பிரெஞ்சு தெரியுமே, பாட்டி?"

"பிரெஞ்சில் எழுதினால் அண்ணனோடு சண்டை போட வரவில்லையப்பா!"

சங்கர்லாலைப் பாரிஸில் பார்த்தாயா என்று இவர் கேட்பாராம். பார்த்தேன், இங்கே நல்ல தேநீர் கிடைக்கவில்லையென்று ஊர் திரும்பிவிட்டார் என்று பதில் வருமாம். அந்தக் கடிதக் கட்டைக் காட்டினார். அண்ணன் இப்போது இல்லை.

பாட்டிக்குக் கண் மங்கல். அலமாரியிலிருந்து ஒரு பழைய சங்கர்லால் புத்தகத்தை எடுத்து, "படி" என்றார். ஒரு மணி நேரம் படித்தேன். கதவு பூட்டப்படும் கட்டம் வந்தது. எனக்குள் ஒரு குறும்பு. புத்தகத்தை மூடி, "மீதி நாளைக்கு" என்றேன்.

பாட்டி என்னைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தலையணைக்கடியில் துழாவிப் பூதக்கண்ணாடியை எடுத்தார்.