இன்னொரு கூடலூர்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தில் போன வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஆலப்பாக்கம் தாண்டும் வரை செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. புதுச்சத்திரம் அருகே சிக்னல் விட்டுப்போனதும் பேச்சுக் கொடுத்தான். தங்கம் தேடும் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கியிருக்கிறானாம். “பழைய சுரங்கம் இருந்த ஏரியாவுலதான் தேடுறாங்க சார். கோலார் மாதிரியே பாறையாம். கண்டிப்பா கிடைக்கும்” என்றான். பணம் ஏது தம்பி என்று கேட்டேன். அம்மாவின் ஐந்து சவரன் சங்கிலியை அடகு வைத்தானாம்.

2025 அக்டோபரில் சவரன் விலை 90,000 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் அடகுக்கடையில் கிடைக்கும் தொகையும் ஏறும். அந்தத் தொகையைக் கையில் வாங்கும்போது கடன் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. கழுத்தில் கிடந்த பொன்னைக் கொடுத்துவிட்டு, எங்கோ பாறைக்குள் இருக்கலாம் என்று சொல்லப்படும் பொன்னை அவன் வாங்கியிருக்கிறான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் கடலூருக்குப் பழைய பெயர் கூடலூர் என்பார்கள். ஆறுகள் கூடும் ஊர். நீலகிரியில் இன்னொரு கூடலூர் இருக்கிறது. அதை அடுத்த தேவாலாவிலும் பந்தலூரிலும் நடந்ததைத்தான் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். அங்கே பணியரும் குறும்பரும் ஓடை மணலை அலசி பொன் துகள் எடுத்து வந்தது நெடுநாள் வழக்கம். அந்தத் துகள் எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தேடத் தொடங்கினார்கள். 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்பவரை வைத்து அரசாங்கம் ஆய்வு செய்தது. அவர் அறிக்கை நம்பிக்கையூட்டியது. லண்டனுக்குப் பித்துப் பிடித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், வயநாடு என்று அப்போது சொல்லப்பட்ட அந்தப் பகுதியின் தங்கத்துக்கென்று மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். காப்பித் தோட்டங்கள் பூச்சியாலும் இலைநோயாலும் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. நட்டத்தில் கிடந்த தோட்டமெல்லாம் ஒரே இரவில் தங்க வயலாகப் பெயர் மாறி, கம்பெனிகளுக்குக் கொழுத்த விலைக்குப் போயிற்று. பங்குதாரர் கொடுத்ததில் பெரும்பகுதி பாறையைத் தொடவே இல்லை. நிலம் விற்றவர் கைக்கும் கம்பெனி தொடங்கியவர் கைக்கும் போய்விட்டது. மிச்சத்தில் பாறை இடிக்கும் இயந்திரங்களை வாங்கி மலையேற்றினார்கள். குவார்ட்ஸ் பாறையில் டன்னுக்கு எவ்வளவு பொன் இருக்கிறது, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒழுங்காகப் பார்ப்பதற்கு முன்பே இயந்திரம் வந்துவிட்டது. இடித்துப் பார்த்தபோது கிடைத்த பொன் கூலிக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடினார்கள். காடு இயந்திரங்களை மூடிக்கொண்டது. பிறகு அந்த மலைகளில் தேயிலை வந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்கள் பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய சுரங்கக் குழிகளில் திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் மண் சரிந்து சாகிறவர்களின் செய்தி இன்றும் தேவாலாவிலிருந்து வருகிறது. பெரும்பாலும் கூலிக்காரர்கள்.

“கோலார் ஜெயிச்சுச்சே சார்” என்றான் தம்பி. உண்மைதான், மறுக்க மாட்டேன். அதே காலத்தில் அங்கே தொடங்கிய மைசூர் கம்பெனியும் 1883-இல் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்தது. கடைசி முயற்சியாகத் தோண்டியதில் சாம்பியன் ரீஃப் என்ற பொன்படிவு கிடைத்தது. அங்கே நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், பாறை கொதிக்கும் வெப்பத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள். கடைசியில் ஒரு டன் பாறையை உடைத்தால் மூன்று நான்கு கிராம்தான் தேறியது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். சுரங்கத்தூசி நுரையீரலில் படிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்; காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி பறந்து வரும் சயனைடு கழிவு மேடுகளும் அங்கேயே இருக்கின்றன. அந்த மேட்டு மண்ணிலிருந்தே மிச்சத் தங்கத்தை எடுக்கலாம் என்று இப்போது பேச்சு நடக்கிறது.

தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு 700, 800 டன் தங்கத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிட்டு உள்ளூரில் ஓரிரண்டு டன் எடுக்கும் நாடு தேடத்தான் வேண்டும். ஆனால் தேடுவது வேறு, சுரங்கம் வேறு. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது 1934-இல். நிலக்கரி எடுக்கும் கார்ப்பரேஷன் அமைந்தது 1956-இல். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961-இல். நடுவில் எத்தனை போர் போட்டார்கள், நிலக்கரிக்கு அடியிலிருந்து பொங்கும் நீரை எத்தனை பம்பு வைத்து இறைத்தார்கள்! இன்னும் இறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிலம் கொடுத்த ஊர்களின் வழக்கும் தீரவில்லை. இத்தனைக்கும் அங்கே அரசாங்கப் பணம் இருந்தது, பொறுக்க முடிந்தது. அடகுக்கடை வட்டி இருபத்தேழு வருஷம் பொறுக்காது.

பி.முட்லூர் வருவதற்குள் அவனிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்தக் கம்பெனி எத்தனை மீட்டர் துளை போட்டிருக்கிறது? டன்னுக்கு எத்தனை கிராம் என்று சோதனைக்கூடம் எழுதிக் கொடுத்திருக்கிறதா? கையில் இருப்பது சுரங்கக் குத்தகையா, 2023 கனிமச் சட்டத் திருத்தத்தில் வந்த தேடும் உரிமம் மட்டும்தானா? நல்ல பிள்ளை, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டான். ஒன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. ஒரு வீடியோவில் பார்த்து வாங்கினானாம்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது, சங்கிலியை எப்போது மீட்பாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தான். “தை மாசம் தங்கச்சி கல்யாணம் சார். அது அவளுக்குப் போட வேண்டிய சங்கிலி. பங்கு ஏறினதும் மீட்டுடுவேன்.”

இறங்கும்போது இந்தப் பத்திரிகை வீட்டில் வாங்குவோம் என்றான். தம்பி, தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பங்கு இன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு விற்றுவிட்டு, முதலில் அடகுக்கடைக்குப் போ.