கரை மாறும் டாலரும் நம் சங்கங்களும்

களத்தில் நெல் குவிவதும், தறியினின்று சேலை அறுத்து இறக்கப்படுவதும் நம் கண்முன் நடைபெறும் காரியங்கள். அவற்றின் விலை நம் கைக்கு வந்து சேரும் வழியோ, நாளுக்கு நாள் கண்ணுக்குப் புலப்படாததாகி வருகிறது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கொண்டே எத்தனையோ வீடுகளில் குறுவைச் செலவு நடக்கிறது. "வங்கிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம், கைபேசியில் டாலர் நாணயமாக அனுப்பிவிடுகிறேன்" என்று அப்பிள்ளைகளிற் சிலர் இப்பொழுது சொல்லத் தொடங்கியுள்ளனர். அயல்நாட்டில் பட்டுச் சேலை வாங்குவோரிடமிருந்து நம் சங்கங்களும் அவ்வாறே விலையைப் பெற்றுக்கொண்டால் என்ன என்று உறுப்பினர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானது. ஆதலின் அதனை நகைத்து ஒதுக்காமல், பொருளை உள்ளவாறு ஆராய்ந்து எம் கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்கண் பொருளை விளங்கிக்கொள்வோம். பிளாக்செயின் என்பது பல கணிப்பொறிகள் ஒருங்கே எழுதிவரும் ஒரு பேரேடு. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழிக்க இயலாதென்பது அதன் சிறப்பு. அத்தகைய பேரேட்டில், ஒரு நாணயத்துக்கு ஓர் அமெரிக்க டாலர் என்ற ஈட்டைத் தாம் வைத்திருப்பதாக உறுதி கூறி, ஒரு நிறுவனம் வெளியிடுவதே ஸ்டேபிள்காயின். டெதர் நிறுவனத்தின் யூ.எஸ்.டி.டி. 2014-ஆம் ஆண்டிலும், சர்க்கிள் நிறுவனத்தின் யூ.எஸ்.டி.சி. 2018-ஆம் ஆண்டிலும் புழக்கத்துக்கு வந்தன. டெதர் நாணயம் மட்டும் 2025-ஆம் ஆண்டில் 15,000 கோடி டாலருக்கு மேல் புழங்கியது. ஆதலின் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எவரும் எண்ணலாகாது.

ஆயினும் பேரேடு ஒன்றன்று. எத்தீரியம், ட்ரான், சொலானா, பி.என்.பி. எனப் பல சங்கிலிகள் உள. ஒரு சங்கிலியில் எழுதப்பட்டதை மற்றொரு சங்கிலி அறியாது. நம் வட்டாரத்து முதியோருக்கு இரயில் பாதையின் பழங்கதை நினைவிருக்கலாம். தஞ்சை வழியே ஓடியது மீட்டர் பாதை. வடக்கே செல்வது அகலப்பாதை. பாதை மாறுமிடத்தில் மூட்டைகளை ஒரு வண்டியினின்று இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். டாலர் நாணயத்தின் நிலையும் அதுவே. ட்ரானிலுள்ள நாணயம் தானாகவே எத்தீரியத்துக்கு ஓடிவிடாது. இடையில் ஒருவர் இறக்கி ஏற்ற வேண்டும். அந்த இடைத் தரகுக்கே பாலம் என்று பெயர் வைத்துள்ளனர்.

பாலம் எவ்வாறு வேலை செய்கிறது? நெற்கிடங்கை எண்ணிக்கொள்க. தஞ்சைக் கிடங்கில் நூறு மூட்டை நெல்லை வைத்துப் பூட்டுகிறோம். அதற்கு ஒரு ரசீது எழுதிக் கும்பகோணத்துக்கு அனுப்புகிறோம். கும்பகோணத்தில் அந்த ரசீது நூறு மூட்டை நெல்லாகவே கைமாறுகிறது. பெரும்பாலான பாலங்கள் செய்வதும் இதுவே: முதற் சங்கிலியில் நாணயத்தைப் பூட்டிவைத்து, இரண்டாம் சங்கிலியில் அதற்கீடான ரசீது நாணயத்தை வெளியிடுகின்றன. தஞ்சைக் கிடங்கில் நெல் உள்ளவரை ரசீதுக்கு மதிப்பு உண்டு. கிடங்கு கொள்ளை போனால், அல்லது நெல் வைக்காமலே ஒருவன் ரசீது எழுதிக்கொண்டால், கும்பகோணத்தில் ரசீது வைத்திருப்பவர் கையில் மிஞ்சுவது வெறுந்தாள்.

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வார்ம்ஹோல் என்னும் பாலத்தில், ஈடு எதுவும் வைக்காமலே 1,20,000 ஈத்தர் ரசீதுகளை ஒரு திருடன் சொலானாவில் எழுதிக்கொண்டான். மதிப்பு ஏறத்தாழ 32 கோடி டாலர். அடுத்த மாதமே ரோனின் என்னும் பாலத்திலிருந்து 1,73,600 ஈத்தரும் 2 கோடியே 55 இலட்சம் யூ.எஸ்.டி.சி. நாணயமும் களவு போயின. களவு நடந்து ஆறு நாள் கழித்தே பாலத்தை நடத்தியோர் அதனை அறிந்தனர். ஒருவர் தம் பணத்தை எடுக்க முயன்று முடியாமற் போனபோதுதான் கிடங்கு காலியென்று தெரிந்தது! வட கொரியாவைச் சார்ந்த களவுக் கூட்டமே அதைச் செய்ததென்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை பின்னர் அறிவித்தது.

ரோனின் பாலத்துக்கு ஒன்பது காவலர். ஐவர் ஒப்பினால் பணம் நகரும். ஏற்பாடு நம் நிர்வாகக் குழுவைப் போன்றே தோன்றுகிறதல்லவா? ஆனால் ஒன்பது சாவிகளில் நான்கு ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவது ஒப்பத்தையும் அந்நிறுவனத்தின் வழியாகவே பெற இயன்றது. ஆகவே ஒரே வீட்டில் புகுந்த திருடனுக்கு ஐந்து சாவிகளும் அகப்பட்டன. மல்ட்டிச்செயின் என்ற பாலத்தின் கதை இன்னும் எளியது. அதன் தலைவரைச் சீனக் காவல்துறையினர் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் அழைத்துச் சென்றனர். சாவிகள் யாவும் அவர் ஒருவரின் பொறுப்பில் இருந்தன என்பது அதன் பின்னரே உலகுக்குத் தெரிந்தது. ஜூலையில் 12 கோடி டாலருக்கு மேல் வெளியேறியது, பாலமும் மூடப்பட்டது. ஃபேண்டம் என்னும் சங்கிலியில் அப்பாலத்தின் ரசீதுகளையே டாலர் என நம்பி வைத்திருந்தோர், தாம் ஒரு பிழையும் செய்யாமலே அவற்றின் மதிப்புச் சரிவதைக் கண்டனர்.

மற்றொரு முறையும் உண்டு; அதனை மறைப்பது நேர்மையன்று. நாணயத்தை வெளியிட்ட நிறுவனமே முதற் சங்கிலியில் அதனை அழித்து, இரண்டாம் சங்கிலியில் புதிதாக எழுதித் தருவது அம்முறை. சர்க்கிள் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு செய்துவருகிறது. இங்கே பூட்டிய கிடங்கு இல்லை. ஆதலின் கொள்ளையிட நெல்லும் இல்லை. இடைத் தரகரை நம்புவதினும் வெளியிட்டவரை நம்புவது மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் வெளியிட்டவரின் ஈடு எங்கே உள்ளது என்ற வினா நிற்கவே செய்கிறது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி முறிந்தபோது, சர்க்கிளின் ஈட்டுப் பணத்தில் 330 கோடி டாலர் அவ்வங்கியில் அகப்பட்டிருந்தது. ஒரு டாலர் நாணயம் 90 சென்டுக்கும் கீழே இறங்கி, அரசு வைப்பாளருக்கு உறுதி அளித்த பின்னரே பழைய நிலைக்கு மீண்டது.

நம்மவர் இதனைப் புதுமையென மலைக்க வேண்டியதில்லை. கடல் கடந்து பணத்தை மாற்றும் கலையில் தமிழர் தேர்ந்தவர். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுதிய உண்டியல் செட்டிநாட்டில் பணமாயிற்று. அங்கே பொன் மூட்டை கப்பலேறவில்லை. ஒரு தாள் வந்தது. அத்தாளுக்கு மதிப்பளித்தது எது? இரு கரையிலும் ஒருவரையொருவர் அறிந்த மனிதர் இருந்தனர். ஒருவர் வாக்குத் தவறினால் அவருடைய பெயர் இரு கரையிலும் கெடும். அந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டென்பதைக் காலம் காட்டியது. 1964-ஆம் ஆண்டு பர்மிய அரசு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவித்தது. அங்கே வாழ்நாளெல்லாம் உழைத்த தமிழர் பலர் வெறுங்கையராய்ச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். ஒரு கரையில் செல்வமாக இருப்பது மறு கரையில் செல்லாக்காசு ஆகலாம் என்ற பாடத்தை நம் சமுதாயம் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

கூட்டுறவாளராகிய நாம் பிறரைக் குறை சொல்லுமுன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டில் தமிழகக் கூட்டுறவு நிறுவனங்களின் நகைக்கடன்களை அரசு ஆராய்ந்தபோது முறைகேடுகள் வெளிப்படவே செய்தன. ஈடு பார்க்காமல் கடன் எழுதுவது நம் வீட்டிலும் நடந்த குற்றமே. ஆனால் வேற்றுமை ஒன்று உண்டு. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாட்டில் வேரூன்றிய கூட்டுறவுக்குப் பதிவாளர் உண்டு, தணிக்கை உண்டு, பொதுக்குழுவில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. குற்றம் நிகழ்ந்தால் இன்னார் பொறுப்பென்று சுட்ட முடிகிறது. பாலத்தில் பணம் போனவர் யாரிடம் சென்று கேட்பார்?

நீதிமன்றம் உண்டே எனலாம். உண்மைதான். 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒருவகைச் சொத்தே, பிறர் பொறுப்பில் நம்பிக்கையாக வைக்கத் தக்கதே என்று தீர்ப்பளித்தார். வாசிர்எக்ஸ் என்னும் இந்தியத் தளத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 23 கோடி டாலர் களவுபோனதை அடுத்து, தம் கணக்கு முடக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் களவு நடந்த நாள்முதல் அத்தளம் மீண்டும் இயங்கப் பதினைந்து மாதங்கள் ஆயின என்பதையும் எண்ணுக. பதினைந்து மாதம் நெசவாளியின் கூலி காத்திருக்குமா? நாற்றங்காலுக்கு விதை வாங்க வைத்த பணம் காத்திருக்குமா?

ஆதலின் நம் கருத்து இது. சங்கத்தின் பணம், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் கூலிக்கும் உரியதும், நெல்லின் விலையாக உறுப்பினருக்குச் சேர வேண்டியதுமான பணம், எந்தப் பாலத்தின்மீதும் ஏறலாகாது. அயல்நாட்டு விற்பனையின் விலை 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்துக்கு உட்பட்டு வங்கி வழியே வரட்டும். அது சில நாள் தாமதமாயினும், வந்ததற்குச் சான்று நம் கோப்பில் இருக்கும்.

உறுப்பினர் தம் சொந்தப் பொறுப்பில் இதனைக் கையாள்வராயின், தடுக்க நமக்கு உரிமையில்லை, எச்சரிக்கக் கடமையுண்டு. அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே சங்கிலியைக் குறிக்கின்றனரா என்று முதலில் பார்க்க வேண்டும். ட்ரான் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்குவது. அதனை எளிதில் பிரித்தறியலாம். எத்தீரியத்துக்கும் பி.என்.பி. சங்கிலிக்கும் முகவரி ஒரே தோற்றமுடையது. ஆகவே அங்கேதான் பலர் இடறுகின்றனர். பெறும் தளம் ஏற்காத சங்கிலியில் அனுப்பிய பணம் திரும்புவது அரிது. முதலில் சிறு தொகையை அனுப்பிச் சோதித்தறிக. கையிலிருப்பது வெளியிட்டவரின் நாணயமா, பாலத்தின் ரசீதா என்று கேட்டறிக. ரூபாயாக்கும்போது முன்பின் அறியாதவருக்கு விற்றால், அவர் அனுப்பும் பணம் ஏமாற்றுப் பணமாக இருந்து, நம் வங்கிக் கணக்கே முடக்கப்படலாம். 2022-ஆம் ஆண்டு முதல் இவற்றின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், விற்பனையில் 1 விழுக்காடு பிடித்தமும் உண்டென்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்வளவு சொல்லியும் ஓர் உண்மை எஞ்சுகிறது. நம் பிள்ளைகள் இவ்வழியை நாடுவது பேராசையால் அன்று. வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு உலக அளவில் சராசரியாக நூற்றுக்கு ஆறு பங்கு செலவாகிறதென உலக வங்கியின் கணக்கு சொல்கிறது. மாதச் சம்பளத்திலிருந்து அத்தொகையை இழப்பது ஏழை உழைப்பாளிக்கு வலிக்கும். "அது வேண்டாம்" என்று சொல்பவர் "இது உண்டு" என்றும் காட்ட வேண்டும். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யு.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பெற்றன. கைபேசி எண்ணைக் கொண்டே, அரசுகளின் மேற்பார்வையில், நொடிப்பொழுதில் பணம் வருகிறது. நம் ஊர்க் கிளைகளில் இதனை அறிந்தோர் எத்தனை பேர்? சங்கச் செயலாளர்கள் இதனை உறுப்பினர் வீடுகளில் எடுத்துச் சொல்ல வேண்டும். இத்தகைய இணைப்பு மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விரிவு பெறவும், தஞ்சை, கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கிகளின் கணக்குகளுக்கே நேரடியாகப் பணம் வந்து சேரவும் ஏற்பாடு செய்யுமாறு அரசையும் ரிசர்வ் வங்கியையும் கேட்டு, வரும் பொதுக்குழுக்களில் தீர்மானம் நிறைவேற்றுவோமாக.

பேரேடு புதியதாகலாம், பாதை புதியதாகலாம். ஈடு எங்கே, சாவி யாரிடம், கணக்குக் கேட்டால் விடை சொல்பவர் யார் என்னும் மூன்று வினாக்களும் பழையனவே. அவற்றுக்குத் தெளிந்த விடை கிடைக்கும்வரை நம் நெல்லையும் நூலையும் அடுத்தவர் கிடங்கில் வைத்துவிட்டுத் தாளோடு திரும்ப வேண்டாம்.